கேமரா வாங்குமுன் ஒரு ரிமோட் சோதனை

பச்சை இலைகளெல்லாம் பஞ்சு போல் வெளுத்துத் தெரியும் புகைப்படங்களைப் பார்த்திருக்கிறீர்களா, வாசகர்களே? அவை அகச்சிவப்புக் கதிரால் எடுக்கப்பட்டவை. கண்ணுக்குத் தெரியாத இக்கதிரை 1800-ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல் கண்டறிந்தார். இலைகள் இதைப் பெருமளவு திருப்பி அனுப்புவதால்தான் அந்த வெண்மை. நம் ரப்பர் மரமும் செம்பனையும் அப்படித்தான் தெரியும்.

டிஜிட்டல் கேமராவுக்கு இக்கதிரை உணரும் சக்தி உண்டு. ஆனால், படத்தின் நிறம் கெடாதிருக்க உள்ளே ஒரு தடுப்புக் கண்ணாடி வைத்திருப்பார்கள். சில கேமராக்களில் தடுப்பு கடுமை; சிலவற்றில் தளர்வு.

உங்கள் கேமரா எந்த ரகம்? காசு செலவில்லாமல் அறியலாம். இருட்டறையில் தொலைக்காட்சி ரிமோட்டின் முனையைக் கேமராவுக்கு நேரே பிடித்து, பொத்தானை அழுத்தியபடி கேமராத் திரையைப் பாருங்கள். வெண்புள்ளி பளிச்சென்று மின்னினால் நல்லது. மங்கலாகத் தெரிந்தால், முக்காலியில் நிறுத்திப் பல வினாடிகள் ஒளி வாங்க வேண்டியிருக்கும். ஒன்றுமே தெரியாவிட்டால் வேறொரு ரிமோட்டிலும் பாருங்கள்; சில புது ரிமோட்டுகள் ரேடியோ அலையில் இயங்குபவை. அப்போதும் இருட்டுதான் என்றால், அகச்சிவப்பு ஃபில்டர் வாங்கி வெள்ளியை வீணாக்காதீர்கள்.

பழைய கேமரா வாங்கப் போகும்போது ரிமோட்டையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும். உழைத்த காசு உங்களுடையது!