கம்பெனியைப் பிடிக்க ஆள் வந்தால் இயக்குநர் என்ன செய்யலாம்?

ஆடிட்டர் யோசனைப்படி மண்டியையும் கடையையும் பிரைவேட் லிமிடெட் ஆக்கி, தம்பியையும் மனைவியையும் இயக்குநராகப் போட்டிருப்போர் நம்மில் உண்டு. இயக்குநர் என்றால் முதலாளி என்றே நினைத்துக் கொள்கிறோம். அப்படியல்ல என்பதற்குப் பெங்களூரில் 2019-ல் நடந்த ஒரு விவகாரமே சாட்சி.

மைண்ட்ட்ரீ, 1999-ல் தொடங்கிய கம்ப்யூட்டர் மென்பொருள் கம்பெனி. நடத்தி வந்த நிறுவனர்கள் கையில் இருந்ததோ சுமார் 13 சதவீதப் பங்குதான். காபி டே அதிபர் வி.ஜி.சித்தார்த்தா தரப்பிடம் 20 சதவீதத்துக்கு மேல். அந்தப் பங்குகளை, ஒன்று 980 ரூபாய் வீதம் வாங்க 2019 மார்ச் 18-ல் லார்சன் அண்ட் டூப்ரோ ஒப்பந்தம் போட்டது. மற்றவர்களிடமும் அதே விலைக்கு 31 சதவீதம் வாங்குவதாக அறிவித்தது. நிறுவனர்கள் கடுமையாக எதிர்த்தனர்.

கம்பெனிப் பணத்தாலேயே பங்குகளைத் திரும்ப வாங்கிவிடலாமா என்று இயக்குநர் குழு கூடி ஆலோசித்தது. நாற்காலியைக் காக்கக் கல்லாவைத் திறப்பது போன்ற காரியம் இது! செபியின் 2011-ம் ஆண்டு விதிகள் இதற்குத்தான் கடிவாளம் போடுகின்றன. கைப்பற்றும் அறிவிப்பு வந்தபின் பங்கைத் திரும்ப வாங்குவது, முக்கியச் சொத்தை விற்பது, வழக்கத்துக்கு மீறிப் பெருங்கடன் வாங்குவது ஆகியவற்றுக்குப் பங்குதாரர்களின் சிறப்புத் தீர்மானம் வேண்டும். எதிர்ப்பு ஓட்டைப் போல மூன்று மடங்கு ஆதரவு தேவை. மார்ச் 26-ல் அந்த யோசனை கைவிடப்பட்டது.

பிறகு சுயேச்சை இயக்குநர்கள் குழு அமைந்தது. விலை நியாயமா என்று பார்த்து, காரணத்தோடு பங்குதாரருக்குச் சொல்வது அதன் வேலை. நியாயமே என்றது குழு. ஜூன் இறுதியில் எல் அண்ட் டி வசம் 60 சதவீதம். ஜூலையில் நிறுவனர்கள் விலகினர். உழைத்து வளர்த்தவர்கள் என்ற வருத்தம் நமக்கும் உண்டு. ஆனால் 13 சதவீதத்துக்காக மற்றவர் பணத்தைச் செலவிட முடியாதல்லவா?

செபி விதி பங்குச் சந்தைக் கம்பெனிகளுக்கு. 2013-ம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 166-வது பிரிவு நம் சிறு கம்பெனிகளுக்கும் உண்டு. பங்குதாரர் அனைவரின் நன்மைக்காக நாணயத்தோடு நடக்க வேண்டும். முறையற்ற ஆதாயம் அடைந்தால் அதே தொகையைக் கம்பெனிக்குத் திருப்ப வேண்டும். மீறினால் அபராதம் 1 லட்சம் முதல் 5 லட்சம் ரூபாய் வரை. அண்ணன் தம்பி பிணக்கில், ஒருவரை ஒதுக்க மச்சினர் பெயருக்குப் புதுப் பங்கு எழுதுமுன் ஆடிட்டரிடம் இந்தப் பிரிவைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.