முனையே இல்லாதவையும் ஒட்டிக்கொள்ளும்

சமையல் எரிவாயு, மண்ணெண்ணெய், மெழுகுவர்த்தி மூன்றும் ஒரே குடும்பம். கார்பன் அணுக்கள் சங்கிலியாகக் கோத்திருக்க, சுற்றிலும் ஹைட்ரஜன், அவ்வளவுதான். எரிவாயுவில் இருக்கும் பியூட்டேனுக்கு 4 கார்பன். மண்ணெண்ணெயில் ஏறத்தாழ 10 முதல் 16. மெழுகில் 20-ஐத் தாண்டும். முதலாவது காற்றோடு போய்விடும், இரண்டாவது ஊற்றினால் ஓடும், மூன்றாவதைக் கையில் பிடிக்கலாம். அப்படியானால் சங்கிலி நீள நீள, மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொள்கின்றன. எதைக் கொண்டு?

தண்ணீர் விஷயத்தில் விடை தெரிந்ததுதான். ஆக்சிஜன் எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. மூலக்கூறு 104.5 பாகையில் வளைந்திருப்பதால் ஒரு பக்கம் சற்றே எதிர்மின்னூட்டம், மறுபக்கம் சற்றே நேர்மின்னூட்டம். இதுவே முனைவுள்ள மூலக்கூறு. ஒன்றன் ஹைட்ரஜன் அடுத்ததன் ஆக்சிஜனைப் பற்றிக்கொள்வதால், தண்ணீரைக் கொதிக்கவைக்க 100 டிகிரி தேவைப்படுகிறது. கிட்டத்தட்ட அதே எடையுள்ள முனைவற்ற மீத்தேன், மைனஸ் 161 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

பாடநூல்கள் இந்த ஹைட்ரஜன் பிணைப்பைப் பக்கம் பக்கமாகப் பாராட்டிவிட்டு, முனைவற்றவற்றின் ஈர்ப்பை ஓரிரு வரிகளில் முடித்துவிடுகின்றன. எனக்கென்னவோ இதுதான் பெரிய அதிசயம்.

வாயு மூலக்கூறுகளும் ஒன்றையொன்று ஈர்க்கின்றன என்று நெதர்லாந்தின் வான் டெர் வால்ஸ் 1873-லேயே கணக்குப் போட்டுக் காட்டினார். முனையே இல்லாதவை எப்படி ஈர்க்கும்? அதைச் சொல்லக் குவாண்டம் இயற்பியல் பிறக்க வேண்டியிருந்தது. 1930-ல் ஃபிரிட்ஸ் லண்டன் விளக்கினார். எலக்ட்ரான்கள் ஓரிடத்தில் நிற்பதில்லை. ஒரு கணம் ஒரு பக்கமாகச் சேர்ந்தால், அந்தக் கணத்துக்கு அங்கே ஒரு முனை. அது பக்கத்து மூலக்கூறின் எலக்ட்ரான்களை ஒதுக்கி அங்கும் ஒரு முனையை உண்டாக்குகிறது. இரண்டும் ஈர்க்கும், அடுத்த கணம் கலைந்து, வேறு பக்கம் மறுபடி கூடும். சராசரியாகப் பார்த்தால் முனை பூஜ்யம், ஈர்ப்பு மட்டும் மிச்சம்! நீளமான மூலக்கூறில் எலக்ட்ரான்களும் அதிகம், தொட்டுக்கொள்ளும் இடமும் அதிகம். மெழுகு கெட்டியாக நிற்பது இதனால்தான். அழுத்தத்தில் நெருக்கிவைத்தால் எரிவாயுவும் திரவமாகிவிடும். சிலிண்டரை ஆட்டினால் உள்ளே தளும்புவது அதுவே.

கூரையில் தலைகீழாக ஓடும் பல்லியின் பிடியிலும் பெரும்பங்கு வான் டெர் வால்ஸ் விசை எனப்படும் இந்த ஈர்ப்புக்குத்தான். பசை கிடையாது. டோக்கே பல்லியின் ஒரு பாதத்தில் சுமார் 5 லட்சம் நுண்மயிர்கள். ஒவ்வொன்றின் நுனியும் நூற்றுக்கணக்கில் பிரிகிறது. இந்த விசை மிக நெருங்கினால்தான் எழும், கொஞ்சம் விலகினாலும் படுத்துவிடும். அதற்காகத்தான் இத்தனை நுனிகள். நீர் பரவும் பரப்பானாலும் நீர் உருண்டோடும் பரப்பானாலும் அவை ஒன்றுபோலவே ஒட்டுகின்றன, ஆகவே பிடி நீரால் வருவதல்ல என்று அமெரிக்க உயிரியலாளர் கெல்லர் ஆட்டமும் குழுவினரும் 2002-ல் சோதித்துக் காட்டினார்கள்.

ஆனால் உலர்ந்த டெஃப்லானில் பல்லிக்குக் கால் வழுக்கும். அதிலுள்ள ஃபுளோரின் தன் எலக்ட்ரான்களை இறுக்கி வைத்திருப்பதால் அவை எளிதில் ஒதுங்குவதில்லை, ஈர்ப்பும் வலுப்பதில்லை. நான்-ஸ்டிக் கல்லில் தோசை ஒட்டாததற்கும் இதுவே முக்கியக் காரணம்.