சர்க்கரை பற்றிய புரதம்

அட்டன், நுவரெலியாத் தோட்டங்களிற் காலை ரொட்டி கல்லிலே சிவப்பதை அறிவோம். மாவிலுள்ள சர்க்கரையும் புரதமும் சூட்டிற் கூடுவதே காரணம். 1912 ஆம் ஆண்டிலே பிரெஞ்சு அறிஞர் மையார் இத்தகு வினையை விளக்கினார்.

நம் உடற்சூட்டிலும் இது மெல்ல நிகழ்கின்றது. நீரிழிவுற்றோர் குருதியில் மிகுந்த சர்க்கரை, நாளங்களின் புரதங்களைப் பற்றிப் பிணைத்து விறைக்கச் செய்கின்றது. சிறுநீரக வடிகட்டிகளும் பழுதுற்றுப் புரதம் சிறுநீரிற் கசிகின்றது. சிவந்த ரொட்டி மாவாகாததுபோல, முதிர்ந்த பிணைப்பும் எளிதில் நீங்காது.

வலியின்றித் தொடங்கும் இக்கேட்டைச் சிறுநீர்ச் சோதனை முன்னரே காட்டும். செவ்வணு ஏறத்தாழ 120 நாள் வாழ்வதால், அதிலொட்டிய சர்க்கரை சென்ற இரண்டு மூன்று மாத நிலையைச் சொல்லும். ஆதலால், கொழுந்து கொய்யும் தாய்மார் வெறுங் களைப்பென்றெண்ணிச் சோதனையைத் தள்ளிப்போடலாகாது. நோயுள்ளோர் சாயத்தண்ணீரிற் சீனியை விலக்குதலும் நன்று.