பால்சுறாவின் பிறப்பும் வளர்ச்சியும்

பிள்ளைபெற்ற தாய்மார்க்குச் சுறா வறை ஆக்கிக் கொடுத்தல் யாழ்ப்பாணத்து இல்லங்களில் நெடுங்கால வழக்கம். பாற்சுரப்பை மிகுவிக்கும் என்ற நம்பிக்கையே பால்சுறா என்னும் பெயருக்குக் காரணம் என்பர். அம்மீன் தான் எங்ஙனம் தாயாகின்றது என்பதை ஈண்டுச் சுருங்க விளக்குவோம்.

மீன்கள் முட்டையிடுவன என்றே நாம் சிறுவர்க்குக் கற்பிக்கின்றோம். நெத்தலி, சாளை முதலியன ஆயிரக்கணக்கான முட்டைகளைக் கடலில் விடுகின்றன. அவற்றுட் பிழைப்பன மிகச் சில. பால்சுறாவின் நெறி வேறு. அதன் கரு தாயின் வயிற்றினுள்ளேயே உருவாகின்றது. முதலில் மஞ்சட்கருவினால் வளரும் அக்கரு, அது குறைந்ததும், மஞ்சட்கருப் பையையே கருப்பைச் சுவரோடு பொருத்திச் சூல்வித்தகமாக்கிக் கொள்கின்றது. பின்னர்க் கொடிவழியே தாயிடமிருந்து ஊட்டம் பெறுகின்றது. பாலூட்டிகளுக்கே உரியதென நாம் எண்ணும் இவ்வேற்பாடு சுறாக்கள் சிலவற்றிடமும் உண்டென்பதைக் கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே எழுதிவைத்தார்.

சூற்காலம் ஏறத்தாழ ஓராண்டு. ஓர் ஈற்றிற் பெரும்பாலும் 2 முதல் 5 குட்டிகளே பிறக்கும். பிறக்கும்போதே அவை 25 முதல் 39 சென்ரிமீற்றர் வரை நீளமுடையன. தாயின் காவல் அவற்றுக்கு இல்லை. ஆழங்குறைந்த கரையோர நீரிற் பிறந்த அன்றே தாமாக இரை தேடுகின்றன. 2, 3 ஆண்டுகளில், ஏறக்குறைய 70 முதல் 80 சென்ரிமீற்றர் வளர்ந்தபின், இனம் பெருக்கும் பருவம் எய்துகின்றன. ஆயுள் ஏறத்தாழ 8 ஆண்டு. மரத்தை அறுத்து வளையங்களை எண்ணுமாறு, முள்ளந்தண்டின் வளையங்களை எண்ணி ஆய்வாளர் வயதைக் கணிப்பர்.

இக்கணக்கை நாம் ஊன்றி நோக்கல் வேண்டும். ஆண்டுக்கொருமுறை ஈன்றாலும், ஒரு பெண்சுறா தன் வாழ்நாளில் முப்பது குட்டிகளைக் காண்பது அரிது. சூலுற்ற சுறா வலைப்படின் குட்டிகளும் உடன் அழியும். சிறுகண் வலையிலோ பருவம் எய்தாக் குட்டிகளே மிகுதியாக அகப்படும். இவ்வினம் அழிவுக்கு இலக்காகக் கூடியதென உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2020இல் வகுத்தது. 2022இல், இது சேர்ந்த சுறாக் குடும்பம் முழுவதையும் நாடுகளிடை வாணிகக் கட்டுப்பாட்டின்கீழ்க் கொணர உலக நாடுகள் உடன்பட்டன.

சட்டம் கப்பலேறும் சரக்கைத் தடுக்கும். கரையில் விழும் வலையைத் தடுக்காது. உயிரோடு அகப்பட்ட குட்டியை மீண்டும் நீரில் விடுதலும், குட்டிகள் மிகும் களப்புகளில் வலை தவிர்த்தலும் கடற்றொழிலாளர் கையில் உள்ளன. சந்தையிற் குட்டிச்சுறாவை விலக்குதல் எம் கையில் உள்ளது. எம் தாய்மார்க்கு மருந்தென ஊட்டப்பெற்ற மீன், தான் தாயாகுமுன் மடியாதிருக்கச் செய்தல் எமது கடன்.