ஆவாரையா, பொன்னாவாரையா?

கொல்லங்கோட்டிலிருந்து கோவிந்தாபுரம் வழியாகப் பொள்ளாச்சி போகும் நம்மவர்கள், வறண்ட சாலையோரங்களில் மஞ்சளாகப் பூத்திருக்கும் செடிகளைப் பார்த்திருப்பார்கள். பயறுக் குடும்பத்தைச் சேர்ந்த இவற்றில் எது ஆவாரை என்று கேட்டால், பூவின் நிறத்தைச் சொல்லியே பலரும் நிறுத்திக்கொள்கிறோம். அது போதாது.

ஆவாரை பல்லாண்டு நிற்கும் புதர். குறிஞ்சிப்பாட்டின் பூப்பட்டியலிலேயே 'ஆவிரை' உண்டு. கொங்கு நாட்டில் பொங்கலுக்குக் காப்புக் கட்ட வேப்பிலை, பூளைப்பூவோடு இதுவும் வேண்டும். பட்டை தோல் பதனிட உதவியது.

இதற்கு உறவான இன்னொரு செடிக்குத் தமிழில் பொன்னாவாரை, மலையாளத்தில் பொன்னாவீரம். பெயரைக் கேட்டால் ஏதோ உயர்ந்த ரக ஆவாரை என்றே தோன்றும். பேயாவாரை என்றும் இதற்குப் பெயர் உண்டு. அதுதான் சரியான எச்சரிக்கை. உத்தரப் பிரதேசத்தின் மேற்குப் பகுதியில், மழைக்காலம் முடிந்ததும் ஆண்டுதோறும் சிறு குழந்தைகள் திடீரென நோயுற்று இறந்தார்கள். மூளைக் காய்ச்சல் என்றே வெகுகாலம் நினைத்தார்கள். இந்தச் செடியின் காயைத் தின்றதே காரணம் என்று 2007-இல் வெளியான ஆய்வு காட்டியது. விதையின் நஞ்சு கல்லீரல், தசை, மூளை மூன்றையும் தாக்குகிறது.

வேறுபாடு காண்பது எளிது. இலைக்காம்பின் அடியைப் பாருங்கள். ஆவாரையில் காது மடல் போல இரண்டு அகன்ற செதில்கள் இருக்கும். அதன் அறிவியல் பெயரான 'ஆரிக்குலேட்டா'வுக்குக் காதுடையது என்றே பொருள். சிற்றிலைகள் எட்டு முதல் பன்னிரண்டு ஜோடி, நுனி மழுங்கியவை. ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவே சிறு சுரப்பி நிற்கும். காய் காகிதம் போலத் தட்டையானது.

பொன்னாவாரைக்குக் காது மடல் இல்லை. நாலைந்து ஜோடி இலைகள்தான், நுனி கூர்மை. சுரப்பி ஒன்றே ஒன்று, காம்பின் அடியில். கசக்கினால் கெட்ட நாற்றம் அடிக்கும். காய் சற்றே வளைந்திருக்கும்.

கேரளத்தில் கர்க்கடக மாதத்தில் சமைக்கும் தகரையும் மஞ்சள் பூப்பதே. அதற்கு மூன்று ஜோடி இலைகள், நுனி அகன்றிருக்கும். காய் அரிவாள் போல மெலிந்து நீண்டது. கீரை பறிக்கும்போது ஜோடியை எண்ணிவிடுங்கள்.

"ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ" என்பார்கள் நம்ம பெரியவர்கள். அவர்கள் செடியை நேரில் பார்த்துப் பறித்தவர்கள். நாமோ வெளியூரில் பொட்டலத்தில் பொடி வாங்குகிறோம். பொடியில் காதும் இல்லை, காயும் இல்லை. ஊருக்குப் போகும்போது பிள்ளைகளுக்கு இரண்டு செடிகளையும் காட்டுங்கள். எந்த மஞ்சள் பூச்செடியின் காயையும் வாயில் வைக்கக் கூடாது என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.