ஜெர்மன் தட்டில் நம் ஊர் நாயனம்

சார்லி மரியானோ என்ற பெயரை நம் சங்க உறுப்பினர்களில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பீர்களோ, தெரியாது. 2012ஆம் வருடம் வரை நானும் கேள்விப்பட்டதில்லை. அவர் அமெரிக்கர், சாக்ஸபோன் கலைஞர், ஜாஸ் இசையுலகைச் சேர்ந்தவர். ஜாஸ் என்றால் பழைய இந்திப் படங்களில் கிளப் காட்சிக்கு வாசிப்பார்களே அதுதான் என்கிற அளவில் இருந்தது என் ஞானம். இன்று அந்த மனிதர் வாசித்த இசைத்தட்டுகளும் சி.டி.க்களுமாக என் அலமாரியில் இருபத்து மூன்று இருக்கின்றன. "ரிட்டயர் ஆனவங்க கோயில் குளம்னு போவாங்க, நீங்க குப்பை சேர்க்கிறீங்க" என்று வீட்டில் தினசரி அர்ச்சனை நடக்கிறது. அந்தக் குப்பையின் கதையைத்தான் எழுதுகிறேன்.

புனேவில் இருப்பவர்களுக்கு மங்கள்வார் பேட்டை ஜூனா பஜாரைச் சொல்ல வேண்டியதில்லை. புதன்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் தரையில் துணி விரித்துப் பழைய ஸ்பானர், பித்தளைச் சாமான், கடிகாரம், மின்விசிறி என்று சகலமும் விற்பார்கள். கோர்பாடி டீசல் ஷெட்டில் வேலை பார்த்த காலத்திலேயே வெர்னியர் காலிபர், மைக்ரோமீட்டர் தேடிக்கொண்டு அங்கே போகிற பழக்கம் எனக்கு உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படிப் போனபோது ஒரு வியாபாரி முன்னால் நாற்பது ஐம்பது இசைத்தட்டுகள் கிடந்தன. எல்லாம் வெளிநாட்டுத் தட்டுகள், பெரும்பாலும் ஜெர்மனியில் அச்சானவை. கோரேகாவ் பார்க்கில் ஒரு பங்களா காலி செய்தார்களாம், அங்கிருந்து வந்த சரக்கு என்றார். 1974இல் ரஜனீஷ் ஆசிரமம் அங்கே ஏற்பட்ட பிறகு மேல்நாட்டவர், அதிலும் ஜெர்மானியர் எத்தனையோ பேர் புனேவுக்கு வந்து தங்கினார்கள். அவர்களில் யாரோ ஒருவர் விட்டுப் போனவையாக இருக்கலாம்.

வாங்கும் எண்ணம் எனக்கு இல்லை. சும்மா புரட்டினேன். 'யெல்லோ ஃபீல்ட்ஸ்' என்ற தட்டு, எபர்ஹார்ட் வெபர் என்ற ஜெர்மானியருடையது. பின்னட்டையில் வாத்தியக்காரர்களின் பெயர்ப் பட்டியல். அதில் சார்லி மரியானோ என்ற பெயருக்கு நேரே சோப்ரானோ சாக்ஸபோன், ஷெனாய், அதன் பக்கத்தில் நாகஸ்வரம் என்று ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தது. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தேன். நாகஸ்வரமேதான்.

இருநூறு சொன்னார், நூற்றைம்பதுக்குக் கொடுத்தார். வீட்டில் ஓர் எச்.எம்.வி. ஃபியஸ்டா பிளேயர் பரணில் இருந்தது. அதை இறக்கி, பெல்ட் மாற்றி, எண்ணெய் விட்டு ஓடவைக்க இரண்டு நாள் ஆயிற்று. தட்டில் புனே மழைக்காலப் பூஞ்சை அப்பியிருந்தது. பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரில் துளி சோப்பு கலந்து, மெல்லிய துணியால் பள்ளத்தோடு பள்ளமாகத் துடைத்தேன். (இன்று யாரும் ஃபியஸ்டாவில் நல்ல தட்டைப் போடாதீர்கள். அதன் ஊசி கனம், தட்டை உழுதுவிடும். எனக்கு இது தெரியவர ஒரு வருடம் ஆயிற்று. அதற்குள் இந்தத் தட்டுக்கு நானே கொஞ்சம் சேதம் செய்துவிட்டேன்.)

முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. பெரிய பேஸ் வாத்தியம் ஒன்று நிதானமாக நடந்துகொண்டிருந்தது. பியானோ மாதிரி ஏதோ மேலே மிதந்தது. சாக்ஸபோன் வந்தது, போனது. எழுந்து நிறுத்திவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அந்தச் சத்தம் வந்தது. ராகம் என்று சொல்ல முடியாது, கீர்த்தனை இல்லை, தவில் இல்லை. ஆனால் அந்தச் சீவாளியின் ஜீரா? சந்தேகமே இல்லை. அடுப்படியிலிருந்து மனைவி வெளியே வந்து, "என்னங்க, நாயனம் மாதிரி கேக்குதே, எங்க கல்யாணம்?" என்றார்.

அந்தக் கேள்வி எனக்குச் சுருக்கென்றது. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் கிராமம் திருவாவடுதுறைக்கும் நரசிங்கம்பேட்டைக்கும் நடுவில். இந்த இரண்டு பெயரையும் சொன்னால் நாதஸ்வரம் தெரிந்தவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் ஊர் திருவாவடுதுறை. நரசிங்கம்பேட்டை நாதஸ்வரம் செய்கிற ஊர். 2022இல் அதற்குப் புவிசார் குறியீடுகூடக் கிடைத்தது. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கிற ஆச்சா மரத்து உத்திரங்களையும் தூண்களையும் வாங்கி வந்து கடைசல் பிடிப்பார்கள். மரம் எவ்வளவு பழசோ அவ்வளவு நல்லது. பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் நின்று பார்ப்பேன். நீளமான மரத்துக்குள் கோணாமல் துளை போகிற வித்தையைப் பார்த்துத்தான் எனக்கு மெக்கானிக்கல் டிப்ளமா படிக்கிற ஆசையே வந்தது என்று நினைக்கிறேன்.

அப்படிப்பட்ட ஊரில் பிறந்தவன், 2009இல் புனேவில் மூத்த மகளுக்குக் கல்யாணம் செய்தேன். கும்பகோணம் பக்கத்திலிருந்து நாயன செட் வரவழைத்தால் போக்குவரத்து, தங்கல், சம்பாவனை என்று என்ன ஆகும் என்று கணக்குப் போட்டேன். மண்டபத்தில் நல்ல ஸ்பீக்கர் இருந்தது. மங்கல இசை சி.டி. ஒன்று போதும் என்று முடிவு செய்தேன். தாலி கட்டுகிற நேரத்தில் கெட்டிமேளம்கூட சி.டி.தான். பொத்தானை அழுத்த ஒரு பையனை நிறுத்தியிருந்தேன். ஊரிலிருந்து வந்திருந்த என் தகப்பனாருக்கு அப்போது எண்பது வயது. முன்வரிசையில் உட்கார்ந்து மேடையின் இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்தார். "நாயனக்காரங்க எங்கடா உக்காந்திருக்காங்க?" என்று கேட்டார். "பாட்டுல வருதுப்பா" என்றேன். அவர் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. 2011இல் காலமானார். அதற்கு அடுத்த வருடம்தான் இந்தத் தட்டு என் கைக்கு வந்தது.

யார் இந்த மரியானோ? 1923இல் அமெரிக்காவில் பாஸ்டன் நகரில், இத்தாலியிலிருந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்தவர். நம்மைப் போலப் பிழைக்க வந்தவர்கள் வீட்டுப் பிள்ளை. 1950களில் ஸ்டான் கென்டனின் பெரிய வாத்தியக் குழுவில் வாசித்தார். ஜப்பானியப் பியானோ கலைஞர் தோஷிகோ அகியோஷியை மணந்து அவரோடு சேர்ந்து குழு நடத்தினார். 1963 ஜனவரியில் சார்லஸ் மிங்கஸ் என்ற மேதை பதிவு செய்த 'தி பிளாக் செயின்ட் அண்ட் தி சின்னர் லேடி' ஜாஸ் உலகில் போற்றப்படுகிற தட்டு. அதில் உருகி உருகி அழுகிற ஆல்டோ சாக்ஸபோன் இவருடையது. மற்றவர்கள் வாசித்து முடித்த பதிவின் மேல் இவருடைய தனி வாசிப்பைப் பிற்பாடு சேர்த்திருக்கிறார்கள். விஷயம் தெரிந்த பிறகும் ஒட்டு எங்கே என்று என் காதுக்குப் புலப்படவில்லை.

இவ்வளவு பெயர் எடுத்தவர், 1960களின் நடுவில் மலேசிய வானொலி இசைக்குழுவோடு வேலை செய்யக் கோலாலம்பூருக்குப் போனார். அங்கே தமிழர்களின் நாயனம் அவர் காதில் விழுந்தது. தோட்டத் தொழிலாளிகளாகக் கப்பலேறிப் போன நம் ஜனங்கள் கோயிலையும் மேளத்தையும் விடாமல் வைத்திருந்ததால் கிடைத்த பலன் இது. அப்போது அவருக்கு வயது நாற்பத்து மூன்று. பிறகு 1970களின் தொடக்கத்தில் தென்னிந்தியாவுக்கே வந்து மாதக்கணக்கில் தங்கி நாதஸ்வரம் கற்றுக்கொண்டார். ஐம்பதை நெருங்கும் வயதில், பாஸ்டனில் இசைக் கல்லூரி ஆசிரியராக இருந்தவர், மறுபடி பால பாடத்திலிருந்து ஆரம்பித்திருக்கிறார்.

எவ்வளவு சிரமம் என்பதை இயந்திரம் தெரிந்தவன் என்ற முறையில் கொஞ்சம் சொல்கிறேன். சாக்ஸபோன் பித்தளையில் செய்தாலும் நாணல் தக்கையால் ஊதுகிற வாத்தியம். உள்துளை நாதஸ்வரம் மாதிரியே வரவரக் கூம்பாக விரியும். அந்த மட்டில் இரண்டும் ஒன்றுவிட்ட சகோதரர்கள். ஆனால் சாக்ஸபோனில் ஒற்றைத் தக்கை, நம் சீவாளியில் இரட்டை. சாக்ஸபோனின் துளைகளை மூடுவது விரல் அல்ல, லீவர் வைத்த மூடிகள். துளை ஒன்று திறந்திருக்கும், இல்லை மூடியிருக்கும். நாதஸ்வரத்தில் விரல் நேரே துளையில் படுகிறது. பாதி மூடலாம், கால் மூடலாம், வழுக்கலாம். மீதியை உதடும் மூச்சும் சீவாளியில் முடித்துக்கொள்ளும். கமகம் அப்படித்தான் பிறக்கிறது. முப்பது வருடம் சாக்ஸபோன் லீவர்களில் பழகிய விரலுக்கு இது எப்படி இருந்திருக்கும்! பதினாறு சிலிண்டர் டீசல் எஞ்சினில் பழகியவனை ஒற்றை மாட்டு வண்டி ஓட்டச் சொன்ன மாதிரி. மாடு சொன்ன பேச்சைக் கேட்காது.

எதிர்த்திசையில் பயணம் செய்தவரை நமக்கெல்லாம் தெரியும். கத்ரி கோபால்நாத்தின் தகப்பனார் நாதஸ்வர வித்வான். மகன் மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைப் பார்த்து மயங்கி, கர்நாடக சங்கீதத்துக்கு ஏற்ப அதை மாற்றியமைத்து வென்று காட்டினார். 1994இல் 'டூயட்' படம் வந்தபோது சாக்ஸபோன் என்ற பெயர் தெரியாத தமிழ் வீடு இல்லை என்றாயிற்று. நாயனத்திலிருந்து சாக்ஸபோனுக்குப் போனவரைக் கொண்டாடினோம், சரிதான். சாக்ஸபோனிலிருந்து நாயனத்துக்கு வந்தவரை நமக்குத் தெரியவே இல்லை.

2020இல் ஓய்வு பெற்ற பிறகுதான் தேடல் வேகம் பிடித்தது. நல்ல பிளேயர் ஒன்று வாங்கினேன். ஃபிராங்க்ஃபர்ட்டில் வேலை பார்க்கும் மைத்துனர் மகன் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் பெட்டியில் துணிகளுக்கு நடுவில் இரண்டு தட்டு வரும். மரியானோ கடைசிக் காலத்தில் ஜெர்மனியிலேயே தங்கி 2009 ஜூனில் கொலோன் நகரில் காலமானவர். அதனால் அங்கே பழைய தட்டுக் கடைகளில் அவர் பெயர் தெரிகிறது. எம்ப்ரியோ என்ற ஜெர்மன் குழுவோடு வாசித்த 1973ஆம் வருடத்து 'வீ கீப் ஆன்' அப்படி வந்ததுதான். அதிலும் நாதஸ்வரம் உண்டு. மற்றபடி ஒரே இரைச்சல், எனக்குப் பிடிக்கவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது 'ஜ்யோதி'. 1983இல் பெங்களூர் கர்நாடகா காலேஜ் ஆஃப் பர்கஷன் குழுவோடு பதிவானது. ஆர்.ஏ. ரமாமணியின் குரல், அவர் கணவர் டி.ஏ.எஸ். மணியின் மிருதங்கம், கூடவே கடம், கஞ்சிரா, கொன்னக்கோல். இதில் மரியானோ வாசிப்பது சாக்ஸபோனும் புல்லாங்குழலும் மட்டுமே. நாதஸ்வரம் கிடையாது. ஆனாலும் ரமாமணி ஒரு பிடியைப் பாடி நிறுத்த, அதை இவர் வாங்கி நீட்டும்போது அந்தச் சாக்ஸபோன் வளைகிற வளைவு லீவரில் கற்றது அல்ல. எங்கள் பக்கத்துத் திண்ணை ஏதோ ஒன்றில் உட்கார்ந்து கற்றது என்று நினைத்துக்கொள்கிறேன்.

மிகைப்படுத்தவும் விரும்பவில்லை. போன வருடம் ஊருக்குப் போனபோது, முதிய நாதஸ்வர வித்வான் ஒருவரிடம் 'யெல்லோ ஃபீல்ட்ஸ்' பகுதியைக் கைபேசியில் போட்டுக் காட்டினேன். யார் என்று சொல்லவில்லை. கண்ணை மூடிக் கேட்டார்.

"சீவாளியை நம்ம மாதிரி புடிக்கல தம்பி. விரலும் கொஞ்சம் பயப்படுது. ஆனா மூச்சு நல்ல மூச்சு. யாரு இது?"

"அமெரிக்காக்காரர் ஐயா."

"எத்தனை வருஷம் சிட்சை?"

"மாசக் கணக்குதான்."

"அப்ப இது பெருசு" என்றார். பிறகு, "இன்னொரு தரம் போடு" என்றார். மூன்று தரம் போட்டோம். அவருடைய பேரன்கள் இருவரும் சென்னையில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறார்கள். வாத்தியம் உறையோடு சுவரில் மாட்டியிருந்தது. நான் அதைப் பற்றிக் கேட்கவில்லை. நானும் ஊரை விட்டு வந்தவன்தானே.

1976ஆம் வருடத்து 'ஹெலன் ட்வெல்வ் ட்ரீஸ்' என்ற தட்டு மட்டும் இன்னும் அகப்படவில்லை. சங்க அன்பர்கள் யாரிடமாவது, அல்லது கோரேகாவ் பார்க் பக்கம் யார் வீட்டுப் பரணிலாவது இருந்தால் சொல்லுங்கள். விலைக்குத் தராவிட்டாலும் பரவாயில்லை, ஒரு நாள் வந்து கேட்டுவிட்டுப் போகிறேன். 'ஜ்யோதி' கேட்க விரும்புகிறவர்கள் எந்த ஞாயிறு மாலையும் வீட்டுக்கு வரலாம். காபி உண்டு.

வருகிற தை மாதம் இளைய மகளுக்குக் கல்யாணம், இங்கே புனேவில்தான். இரண்டு நாயனம், இரண்டு தவில், தாளம் என்று ஐந்து பேர் ஊரிலிருந்து வருகிறார்கள். முன்பதிவு தொடங்கிய அன்று காலையிலேயே உட்கார்ந்து டிக்கெட் எடுத்துவிட்டேன். தவிலை மேல் பெர்த்தில் ஏற்ற மாட்டார்கள், லக்கேஜ் வேனிலும் போடச் சம்மதிக்க மாட்டார்கள். அதனால் கீழ் பெர்த் இரண்டு கிடைக்கிற மாதிரி பார்த்து எடுத்திருக்கிறேன்.