செசபீக்கின் சிப்பி

பிறந்து இரண்டு மூன்று வாரம் மட்டுமே நீரில் மிதந்து திரிந்து, பின்பு கெட்டியான ஏதேனும் ஓர் ஓட்டின்மேல் ஒட்டிக்கொண்டு, ஆயுள் முழுவதையும் அங்கேயே கழித்துவிடும் ஜந்து சிப்பி. அமெரிக்காவின் கீழ்க்கரையிலுள்ள செசபீக் விரிகுடாவில் அது தன் ஓட்டைச் சற்றே திறந்து, செவுள்களில் அடர்ந்துள்ள நுண்மயிர்களின் அசைவால் நீரை உள்ளிழுக்கும்போது, நீரோடு வரும் பாசியும் வண்டலும் செவுளின் கோழையில் சிக்கிக்கொள்ள, ஆகாரத்துக்கு ஏற்றதை வாய்ப்பக்கம் தள்ளி, ஆகாததைக் கோழையில் சுற்றிச் சிறு உருண்டைகளாக வெளியேற்றிவிடுகிறது. உருண்டைகள் அடியில் படிய, நீர் தெளிந்து வெளியே போகிறது. வளர்ந்த சிப்பி நாளொன்றுக்கு 190 லிட்டர் வரை வடிகட்டும் என்று பெருமையாகச் சொல்வார்கள். அது வெப்பமும் உப்பும் இசைந்த நாளின் உச்சக் கணக்கேயன்றி அன்றாடக் கணக்கன்று.

கப்பல்களுக்கே இடையூறாகும் அளவுக்கு அங்கே மண்டியிருந்த சிப்பித் திட்டுகளைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இரும்பு வாரிகளால் சுரண்டித் தீர்த்தார்கள். எஞ்சியவற்றை நோயும் வண்டலும் வாட்டின. இப்போது உணவகங்களில் கழித்த ஓடுகளைச் சேகரித்துக் கழுவி, தொட்டிகளில் குஞ்சுகளை அவற்றில் ஒட்டவைத்து, உபநதிகளின் அடித்தளத்தில் விதைக்கிறார்கள். ஆயினும் மேல்நிலத்தைத் திருத்தாமல் சிப்பியை மட்டும் விதைப்பது வீண் பிரயாசையே.

ஏனெனில் விரிகுடாவுக்கு நீர் வடிந்து வரும் நிலம் சுமார் 1,66,000 சதுர கிலோமீட்டர். ஆறு மாகாணங்களும் தலைநகர் வாஷிங்டனும் அதில் அடங்கும். வந்து சேரும் நன்னீரில் ஏறக்குறையப் பாதியைக் கொணர்வது சஸ்குவஹானா நதி. அது நெடுந்தூரம் பாயும் பென்சில்வேனியா மாகாணத்துக்கோ விரிகுடாவில் ஒரு சாண் கரைகூடக் கிடையாது. அங்குள்ள பண்ணைகளின் சாணமும் சோள வயல்களின் உரமும் மழையில் அடித்துவரப்பட்டு, அவற்றால் பொங்கிய பாசி மடிந்து அழுகும் கோடையில், ஆழத்து நீரில் பிராணவாயு அற்றுப்போய், நகரத் தெரியாத சிப்பி மூச்சுமுட்டி மாள்கிறது.

ஓடைக்குள் மாடு இறங்காமல் வேலியிடுவது, கரையோரம் மரம் வளர்ப்பது, அறுவடைக்குப்பின் ரை என்னும் தானியத்தை விதைத்து, மண்ணில் எஞ்சிய நைட்ரஜனை அதன் வேர் உறிஞ்சிக்கொள்ளச் செய்வது ஆகியவையே பரிகாரம். செலவு ஆற்றின் மேல்பக்கத்து விவசாயியுடையது, லாபம் கீழ்ப்பக்கத்து மீனவனுடையது. ஆகையால் அரசு மானியம் தந்தாலொழிய இது நடவாது. 1983-இல் மேரிலாந்து, வர்ஜீனியா, பென்சில்வேனியா, வாஷிங்டன் ஆகியவை மத்திய அரசோடு செய்துகொண்ட உடன்படிக்கை நல்லெண்ணத்தை நம்பியிருந்தது. அது போதாமையால் 2010-இல் ஒவ்வொருவரும் விடக்கூடிய நைட்ரஜன், பாஸ்பரஸ், வண்டல் ஆகியவற்றுக்கு உச்சவரம்பு விதிக்கப்பட்டது; 2014-இன் புதிய உடன்படிக்கையில் ஆறு மாகாணங்களும் கையெழுத்திட்டன.

கூட்டுறவு என்றால் சச்சரவு இராதென்று பொருளில்லை. பென்சில்வேனியா பின்தங்குவதை மத்திய அரசின் சுற்றுச்சூழல் நிறுவனம் கண்டுகொள்ளவில்லை என்று கீழ்ப்பக்கத்து மாகாணங்கள் 2020-இல் நீதிமன்றம் ஏறின. அங்குள்ள பண்ணைகளின் மேல் கண்காணிப்பை இறுக்குவதாக அந்நிறுவனம் ஒப்புக்கொண்டபின், 2023-இல் வழக்கு சமரசமாயிற்று.